கேஸ் செக்கின் பூர்வீகம்

ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்த ரைஃபிள் குண்டின் அடியில் மாட்டும் சின்னச் செப்புக் கிண்ணத்துக்குக் கேஸ் செக் என்று பெயர். குண்டுக்குப் பின்னால் எரியும் மருந்தின் வாயு, ஓரத்தில் சந்து கிடைத்தால் ஈயத்தை அரித்துக்கொண்டு முன்னால் பாயும். அரிபட்ட ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும், குறி தப்பும். ஈயம் 327 டிகிரியில் உருகும், செம்பு 1,085 டிகிரியில்தான். ஆகவே கிண்ணம் சூட்டைத் தடுக்கிறது என்பார்கள். குண்டு குழலுக்குள் இருப்பதோ நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரம். சூட்டைவிடச் சந்தை அடைப்பதே பெரிய வேலை.

இதன் பிறப்பிடம் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இருந்த ஐடியல் கம்பெனி, தகப்பன் அதன் நிறுவனர் ஜான் பார்லோ, காலம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது வழக்கமான கதை. புகையில்லா மருந்தின் வேகத்துக்கு வெறும் ஈயம் ஈடுகொடுக்கவில்லை. ராணுவங்கள் குண்டுக்கு முழு உலோக உறையே போட்டுவிட்டன. வீட்டில் வார்ப்பவர்களுக்குக் கிண்ணம் மிஞ்சியது. கதை இவ்வளவு சுத்தமாக இருப்பதே சந்தேகத்தைக் கிளப்புகிறது.

பின்னோக்கிப் போனால் முதலில் எதிர்ப்படுபவர் பிரெஞ்சு அதிகாரி மினியே. அவருடைய 1849ஆம் ஆண்டுக் குண்டின் குழிந்த அடியிலும் ஒரு கிண்ணம், இரும்பில். அதே இடம், அதே வடிவம். பாட்டன் அகப்பட்டுவிட்டார் என்றே தோன்றும். ஆனால் வாய்வழியாகத் திணிக்கும் துப்பாக்கியில் குண்டு குழலைவிடச் சிறுத்திருந்தால்தான் உள்ளே இறங்கும். சுடும்போது அது பருத்துக் குழலுக்குள் வெட்டிய சுழல் பள்ளங்களைப் பற்றவேண்டும். மினியேயின் கிண்ணம் ஈயத்தைப் பிளந்து விரிக்கும் ஆப்பு. சில சமயம் குண்டையே துளைத்துக்கொண்டு போய், ஈய வளையத்தைக் குழலில் விட்டுவிடும். என்ஃபீல்டு ரைஃபிளின் குண்டில் அந்த வேலையை மரக்கட்டையும் பிறகு சுட்ட களிமண்ணும் செய்தன. களிமண் வாயுவைத் தடுக்கவா வைத்தார்கள்? கேஸ் செக் மாட்டும் குண்டோ முதலிலேயே குழலைவிட ஒரு மயிரிழை பருத்தது. ஒன்று விரிக்கும், மற்றது காக்கும். இந்த வழி இங்கேயே முடிகிறது.

பெயர் கிடைப்பது பீரங்கிப் பக்கம். பம்பாய்த் துறைமுகத்துக்குக் காவலாக மக்தலா, அபிசீனியா என்று இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் நின்றன. 1870இல் இங்கிலாந்தில் கட்டியவை. பம்பாயிலிருந்து பிரிட்டிஷ் தளபதி நேப்பியர் நடத்திய 1868ஆம் ஆண்டு அபிசீனியப் படையெடுப்பின் நினைவாக வைத்த பெயர்கள். ஒவ்வொன்றிலும் வாய்வழித் திணிக்கும் 10 அங்குலப் பீரங்கி நான்கு, பீரங்கி ஒன்று 18 டன். குண்டின் பக்கவாட்டுக் குமிழ்கள் பள்ளத்தில் உட்கார்ந்து சுழற்றும். ஆனால் குண்டைச் சுற்றிலும் சந்து. அதன் வழியே சீறிய வாயு குழலின் உட்சுவரை அரித்தது. 1878 முதல் இவ்வகைக் குண்டுகளின் அடியில் செப்புத் தட்டு பொருத்தினார்கள். அழுத்தத்தில் அது விரிந்து சந்தை அடைத்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கேஸ் செக்! பின்னர் அந்தத் தட்டே பள்ளத்தைப் பற்றிக் குண்டைச் சுழற்றியதால் குமிழ்கள் தேவையற்றுப் போயின. பார்லோவுக்குக் கால் நூற்றாண்டு முந்தைய சங்கதி இது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. குமிழ் வைத்த பழைய குண்டு செப்புத் தட்டை எதிர்பார்த்துச் செய்ததல்ல, தட்டு அதில் ஒட்டுவேலை. அடி தட்டையான ஈயக் குண்டுக்குக் கேஸ் செக் மாட்டுவதும் அதேதான். கிண்ணத்துக்கென்றே வார்க்கும் குண்டின் அடியில் ஒரு படி குறுகியிருக்கும். கிண்ணம் அதில் உட்காரும். தட்டை அடியில் படி இல்லை. கடையில் விற்கும் கிண்ணம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். அதை மேலே போட்டால் குண்டு இரு பக்கமும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் பருத்துவிடும். அதனால் குளிர்பானக் கேன் போன்ற மெல்லிய அலுமினியத் தகட்டில், சுமார் 0.1 மில்லிமீட்டரில், கிண்ணம் அழுத்துகிறார்கள். குண்டோடு சேர்த்து அளவு வளையத்துக்குள் தள்ளும்போது ஈயம் தகட்டின் அளவுக்கு ஒடுங்கி இடம் விடுகிறது. கிண்ணம் தன் படியைத் தானே செய்துகொள்கிறது. பிடி தளர்ந்தால் வழியிலேயே கழன்றுவிடும்.

பம்பாய்க் கப்பல்களுக்கு 1892இல் பின்வழித் திணிக்கும் 8 அங்குலப் பீரங்கிகள் வந்தன. அவற்றின் குண்டில் அடித்தட்டு இல்லை. உடலைச் சுற்றிய செப்புப் பட்டை ஒன்றே அடைப்பதையும் சுழற்றுவதையும் செய்தது.