புதுப்பேட்டையில் இன்ஜின் வாங்கப் போறீங்களா? பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க!

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து ஆதித்தனார் சாலையைப் பிடித்துக் கூவம் பக்கமாக நடந்தால், புதுப்பேட்டை வந்துவிட்டதை முதலில் சொல்வது மூக்குதான். கிரீஸ், டீசல், தின்னர் மூன்றும் கலந்த வாசனை. ஒரு கடை வாசலில் கதவுகள், அடுத்த கடையில் ஹெட்லைட்டுகள், அதற்கடுத்த கடையில் வரிசையாக இன்ஜின்கள். பழைய வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்தத் தெருக்கள்தான் ஆஸ்பத்திரி.

அந்த இன்ஜின்களில் பாதி எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாகக் கிடக்கின்றன. மீதி, சில்வர் பெயின்ட்டில் புதுப்பெண் மாதிரி மின்னுகின்றன. ஒரு சந்தில் இருபது வருடங்களுக்கு மேல் இன்ஜின் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, பானட்டை மூடிட்டா வெளியே தெரியாது. அப்புறம் இன்ஜினுக்கு எதுக்குப் பெயின்ட்?"

"பழைய இன்ஜினோட பிளாக் வார்ப்பிரும்பு தம்பி. நம்ம ஊரு கடல்காத்துக்கு சும்மா விட்டா துருப் பிடிச்சுரும். இன்னொரு விஷயம், வெளிர் கலர்ல அடிச்சு வெச்சா எங்க ஆயில் கசிஞ்சாலும் பளிச்சுனு காட்டிக்கொடுத்துரும். கறுப்புல அடிச்சா அது தெரியாது" என்றார்.

எந்த பெயின்ட்?

கேட்டுக்கு அடிக்கிற சாதாரண எனாமல் இங்கே உதவாது. ஓடும்போது இன்ஜினின் உடம்பு சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும். அந்தச் சூட்டிலும் எண்ணெயிலும் சாதாரண பெயின்ட் நிறம் மங்கி, உரிந்து வந்துவிடும். அதனால் 'இன்ஜின் எனாமல்' என்றே கேட்டு வாங்க வேண்டும். டப்பாவில் எத்தனை டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கும்.

புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தனிக்கதை. அது பல நூறு டிகிரிக்குப் போகும். அதற்கு 600 டிகிரி வரை தாங்கும் சிலிக்கான் வகை பெயின்ட் தேவை. அந்த வகை, காற்றில் காய்ந்தால் மட்டும் போதாது. சூட்டில்தான் முழுசாக இறுகும். அடித்தபின் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். முதல் சில முறை லேசாகப் புகையும். பயப்பட வேண்டாம்.

எப்படி அடிப்பது?

"அடிக்கிறது அரை மணி நேர வேலை. கழுவுறதுதான் ஒருநாள் வேலை" என்கிறார் அவர். முதலில் சுரண்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்க்கிறார். பலரும் இதோடு நிறுத்திவிடுவார்களாம். மண்ணெண்ணெயே ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காமல் குழிகுழியாக விலகும். அதனால் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே ஈரம் போகக் காற்றடித்து, கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, கடைசியில் தின்னர் தோய்த்த துணியால் துடைக்கிறார். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது.

அடுத்து மூட வேண்டியவற்றை மூடுவது. ஸ்பார்க் பிளக் துளைகள், கேஸ்கட் உட்காரும் பரப்புகள், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், எர்த் ஒயர் மாட்டும் இடம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுகிறார். எர்த் இடத்தில் பெயின்ட் பட்டால் மின்சாரம் சரியாகப் பாயாது.

சூடு தாங்கும் பிரைமர் காய்ந்ததும், ஒரு சாண் தூரத்தில் பிடித்து மெல்லிய பூச்சுகளாக இரண்டு அல்லது மூன்று முறை அடிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம் போல இடைவெளி. ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் வழியும். சூட்டில் வெடித்து உரியும். மழை நாளில் இந்த வேலையையே தொடுவதில்லை. காற்றோட்டமான இடமும் ரசாயனப் புகையைத் தடுக்கும் முகக்கவசமும் கட்டாயம். கைக்குட்டை போதாது.

பளபளப்புக்குள் என்ன?

நான் அங்கே இருந்தபோதே விழுப்புரத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். டாக்ஸியாக ஓடி வீட்டையே காப்பாற்றிய அம்பாசடர் அவர்களுடையது. உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்ட கார் என்பதால் பழைய இன்ஜினைத் தேடித்தான் ஆக வேண்டும். மகனின் கண் நேராக சில்வர் இன்ஜினுக்குப் போனது. "அண்ணே, இதுவே புதுசு மாதிரி இருக்கே!"

மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். அழுக்கின் மேலேயே பெயின்ட். போல்ட், ரப்பர் ஹோஸ், கேஸ்கட் ஓரம் என எல்லாவற்றிலும் ஒரே சில்வர். ஓரிடத்தில் விரிசலைப் பசை வைத்து அடைத்த தடம். முக்கியமாக, பொறித்திருக்கும் இன்ஜின் எண்ணிலும் பெயின்ட் நிரம்பிப் படிக்க முடியவில்லை. "நம்பர் தெரியலைன்னா ஆர்.டி.ஓ ஆபீஸ்ல என்ன காட்டுவ தம்பி? இன்ஜின் மாத்தினா ஆர்.சி-ல அந்த நம்பர் ஏறணும்ல? அழுக்கா இருக்கறத வாங்கு. அழுக்கு பொய் சொல்லாது."

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பிசுக்கேறிய இன்ஜின் பக்கம் போய் உட்கார்ந்து, எண் இருந்த இடத்தைத் துண்டால் துடைத்தார். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. கம்ப்ரஷன் பார்த்து, அந்த எண்ணைப் போட்டு பில்லும் வாங்கிய பிறகுதான் பணத்தை எடுத்தார்.

நீங்களும் பழைய இன்ஜின் வாங்கப் போனால் பெயின்ட் அடிக்காததைக் கேளுங்கள். ஒரு டார்ச்சும் ஒரு பழைய துணியும் கையில் இருக்கட்டும். விலை பேசுவதற்கு முன் எண்ணைப் படித்துவிடுங்கள். பெயின்ட்டை வாங்கிய பிறகு நீங்களே நின்று அடிக்கச் சொல்லலாம். விழுப்புரத்து அப்பா என்ன நிறம் சொன்னார் தெரியுமா? வெளிர் சாம்பல். "கசிஞ்சா தெரியணும்ல!"