தந்தி வாங்கும் கணக்கு

எந்தக் கம்பெனித் தந்தி உசத்தி என்பது மின்சாரக் கிட்டார் வாசிக்கிறவர்களிடையே தீராத வழக்கு. என் அக்காள் பிள்ளை வாசிக்கிறான். ஆகவே நானும் அழையாமலே வந்த ஜூரி.

1962-ல் கலிபோர்னியாவில் எர்னி பால் என்பவர் 'ஸ்லிங்க்கி' என்ற மெல்லிய தந்திகளைக் கொண்டுவந்தார். அதுவரை கடையில் கிடைத்தவை கனமானவை. ஸ்வரத்தை வளைத்து இழுப்பதற்குள் விரல் கன்றிவிடும். இன்று அவற்றுக்கும் டடாரியோ தந்திகளுக்கும் கனத்தில் பேதமில்லை. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் முதல் தந்தி 10 கூறு, ஆறாவது 46. தடித்த மூன்றுக்கும் நிக்கல் பூசிய எஃகுச் சுற்று. கண்ணை மூடிக்கொண்டால் எது எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

சுத்த நிக்கல் சுற்றியது வேறு ஜாதி. கிட்டாரிலுள்ள காந்தச் சுருள் எஃகின் அசைவைப் பிடிக்கிற அளவுக்கு நிக்கலைப் பிடிப்பதில்லை. நாதம் சற்றுத் தணிந்து, இதமாக வரும்.

எலிக்ஸிர் தந்திக்கு மெல்லிய உறை உண்டு. விலை ஏறக்குறைய இரு மடங்கு. சாதாரணத் தந்தியில் வேர்வையும் அழுக்கும் சுற்றுக்குள் புகுந்து, முதலில் அதன் கணீரென்ற ஒலியைக் கொல்லும். உறையிட்டது பல மடங்கு நாள் தாங்கும். கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம்.

பையனிடம் சொன்னேன். சொற்பச் சம்பளக்காரன், ஆனாலும் கேட்கவில்லை.

"புதுத் தந்தி மாட்டின அன்னிக்கு ஒரு பளபளப்பு இருக்கும், மாமா. உறை போட்டதிலே அது கொஞ்சம் மட்டுதான். எனக்கு அந்த ஒரு நாள்தான் வேணும்."

என் கணக்கில் அந்த ஒரு நாளுக்குக் கட்டமே இல்லை.