கல்மண்டபத்துப் பஞ்சு வீடு



சென்னையின் வடகோடியை உங்களில் பலர் ரயிலின் சன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். கூடூர் செல்லும் தடத்தில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னே நகரும். புகைபோக்கிகள் தெரியும், எண்ணெய்த் தொட்டிகள் தெரியும், அடுக்கி வைத்த கன்டெய்னர் பெட்டிகள் தெரியும். இந்த இரைச்சலுக்கு நடுவே குடியிருக்கும் மக்கள் இரவில் எதன்மீது தலைசாய்க்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். ராயபுரத்தில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் நானும் நினைத்ததில்லை. 2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து, விடுமுறைக்குச் சென்ற பிள்ளைகள் மதரஸாவுக்குத் திரும்பிய சமயம், தங்கிப் படிப்போருக்குப் பன்னிரண்டு தலையணைகள் தேவைப்பட்டன. அதன் பொருட்டே கல்மண்டபத்துக்கு அருகிலுள்ள ஒரு சந்தில், மெத்தை தைக்கும் அந்த வீட்டின் படியேறினேன்.

வீட்டுக்காரர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். அவருடைய மனைவிக்கு ஐம்பத்தெட்டு. பேரன் எங்கள் மதரஸாவில் ஓதுகிறான். ஊரார் பார்வையில் அது 'மெத்தைக்காரப் பாய்' வீடு. ஆனால் நாற்பது ஆண்டுகளாக அங்கே மெத்தை தைத்து வருவது அந்த அம்மையார்தான். பஞ்சு வாங்குவதும், வாடிக்கை பிடிப்பதும், கூலி பேசுவதும் பாயின் பங்கு. ஊசி பிடித்தவர் பெயர் உள்ளேயே இருந்துவிட்டது.

நான் சென்ற நேரத்தில் வீட்டில் ஒரு பயணத்துக்கான ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆண்டுதோறும் இலவங்காய் வெடிக்கும் பருவத்தில் பாய் போடிநாயக்கனூருக்குப் போய், மேற்குமலை அடிவாரத்து இலவம் பஞ்சைத் தம் கையால் தொட்டுப் பார்த்து வாங்கி வருவார். 1928இல் போடிக்கு வந்த சிறிய ரயில் பாதை 2010 இறுதியில் மூடப்பட்ட பிறகு, மதுரை வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் அலைந்தார். பாதையை அகலப்படுத்தி 2023 ஜூனில் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கே நேராக வாரம் மூன்று நாள் ரயில் விட்டார்கள். வண்டி வந்தது, பாயின் மூச்சு போய்விட்டது. பஞ்சுத் தூசியைப் பல்லாண்டு உள்ளிழுத்த மார்பு இனிப் பஞ்சுக் கிடங்கில் கால் வைக்கலாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே இந்த முறை போகப்போகிறவர் அந்த அம்மையார். வாழ்நாளெல்லாம் இலவம் பஞ்சில் கைவைத்தவர் இலவ மரத்தை அதுவரை கண்டதில்லை.

"மரம் எவ்ளோ உசரம் இருக்கும் ஹஜ்ரத்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பஞ்சு கொட்டும் தொழில் நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக இருந்து வருவது. தமிழில் பஞ்சுகொட்டி என்றும், தெலுங்கில் தூதேகுலா என்றும், பிஞ்சாரி என்றும் சொல்வர். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் தூதேகுலா என்ற பெயர் இன்றும் உண்டு. கி.பி. 922இல் பக்தாதில் கொல்லப்பட்ட மன்சூர் ஹல்லாஜின் பெயரில் வரும் 'ஹல்லாஜ்' என்ற சொல்லுக்கும் பஞ்சு கொட்டுபவர் என்பதே பொருள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் மெத்தையைக் குறிக்க வழங்கும் 'மேட்ரஸ்' என்ற சொல், எதையேனும் விரித்துப் போடும் இடத்தைக் குறிக்கும் 'மத்ரஹ்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து கிளைத்தது. பாயிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வெள்ளக்காரன் நமக்குக் கூலி பாக்கி வெச்சிருக்கான்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அந்த அம்மையாரின் நாள் சுபுஹு தொழுகையோடு தொடங்குகிறது. வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சை உதறிப் போடுவார். பிறகு இரண்டு பிரம்புகளால் மாறி மாறி அடிப்பார். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிடும். அதன் பிறகு மாடியில் பஞ்சை விரித்தால் அது பறந்துபோகும். எனவே பிற்பகல் முழுதும் கதவடைத்த அறைக்குள் உறை நிரப்பும் வேலை. முதலில் நான்கு மூலைகளையும் கெட்டியாக அடைக்க வேண்டும். நடுவை நிரப்பிவிட்டு மூலைக்குப் போனால் ஆறே மாதத்தில் மெத்தை படகு போல் குழிந்துவிடுமாம். பிறகு முழ நீள ஊசியால் மேலிருந்து கீழாகக் குத்தி வாங்கி, சாண் இடைவெளியில் முடிச்சிட்டு, ஓரங்களைச் சுருட்டித் தைப்பார். இஷாவுக்குப் பிறகு தலையணைகள். "தலகாணிக்கு ஒரு கிலோவுக்குக் கொறஞ்சா அது தலகாணி இல்ல, உறை" என்பது அவர் கணக்கு.

இந்தப் பகுதியில் வெள்ளைப் பஞ்சை வெயிலில் உலர்த்துவதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய நாட்களில், காலையில் விரித்த பஞ்சு மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடுமாம். 2011இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நிலக்கரியும் இரும்புத்தாதும் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டன. ராயபுரத்து மாடிகள் வெளுத்தன. எண்ணூர்க்காரர்களுக்கு அதில் என்ன மகிழ்ச்சி இருந்திருக்க முடியும்? எங்கள் தொல்லை பத்துப் பன்னிரண்டு மைல் வடக்கே குடிபோனது, அவ்வளவுதான்.

துறைமுகத்தால் தொல்லை மட்டுமே என்றும் சொல்லிவிட முடியாது. 1926 முதல் 1973 வரை சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய 'ரஜுலா' கப்பலில் ஏழைப் பயணிகள் தளத்தில்தான் படுத்துச் செல்வார்கள். படுக்கை அவரவர் பொறுப்பு. கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள், அம்மையாரின் தந்தை சுருட்டு மெத்தைகளைத் தலையில் சுமந்து துறைமுக வாயிலில் நிற்பாராம். "எங்கத்தா பண்ண மெத்த பினாங்கு பூரா கெடக்கு. நான்தான் செங்கல்பட்டத் தாண்டுனதில்ல" என்றார். ரஜுலாவுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததும், அந்த வழியில் பயணிகள் கப்பலே இல்லாமல் போயிற்று.

வாசகர்களே, இலவம் பஞ்சுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே வெறும் காற்றடைத்த குழல். வெளியே மெழுகு பூசியது போன்ற வழவழப்பு. அதனால் அதை நூலாக நூற்பது கடினம். தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். கப்பல்களில் வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜாவாத் தீவு ஜப்பானியர் வசமானதும் அமெரிக்காவுக்கு இலவம் பஞ்சு வரவில்லை. அதற்கு ஈடாக, நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பஞ்சைப் பொறுக்கி வர 1944இல் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆனால் தண்ணீரை விரட்டும் இதே இழை எண்ணெயைக் கண்டால் ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயில் ஊறிய இலவ அங்கி மிதக்கும் வலுவை இழந்துவிடும்.

இதை நான் நூல்களில் படிப்பதற்கு முன்பே அந்த அம்மையார் கண்ணால் கண்டிருந்தார். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்தது நினைவிருக்கும். எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து, மக்கள் படுக்கையை விட்டெழுந்து ஓடினார்கள்.

வெள்ளம் வடிந்ததும் எர்ணாவூரிலிருந்து ஒன்பது மெத்தைகளை வண்டியில் ஏற்றி வந்து இவர் வாசலில் இறக்கினார்கள். அவற்றுள் இரண்டு, தாய்வீட்டுச் சீராக வந்தவை. வெள்ளத்தில் நனைந்த மெத்தைகளைச் சரிசெய்வது இவருக்குப் புதிதன்று. 2015 வெள்ளத்தின்போது எத்தனையோ மெத்தைகளைப் பிரித்து உலர்த்திக் கொடுத்திருக்கிறார். இம்முறை கத்திரியால் தையலை வெட்டிக் கையை உள்ளே விட்டவர் முழங்கை வரை கறுப்பாக வெளியே எடுத்தார்.

"தண்ணில நனஞ்சத நான் காய வெச்சிக் குடுத்துருவேன் ஹஜ்ரத். இது எண்ணெயக் குடிச்சிட்டு உக்காந்திருக்கு. இதுல எனக்கு வேலையில்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகு இரண்டு நாள் அவர் சோறு உண்ணவில்லை என்று பாய் சொன்னார்.

அந்த ஒன்பது வீடுகளில் ஐந்து வீட்டார் ஃபோம் மெத்தைக்கு மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது மலிவு, உடனே கிடைக்கிறது. நான்கு வீட்டார் மட்டும் மீண்டும் இலவம் பஞ்சே வேண்டும் என்று சிறுகச் சிறுக முன்பணம் தந்திருந்தார்கள். அந்தப் பணமும், அம்மையாரின் இரண்டு வளையல்களை அடகு வைத்ததும் சேர்ந்து 48,000 ரூபாய். அது தேர்தல் சமயம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் ஆவணம் காட்ட வேண்டும் என்பதால் அதற்குள் நிறுத்திக்கொண்டார்கள். பணத்துக்கென்று பாவாடையின் உட்புறம் ஒரு பை தைத்திருந்தார். மெத்தை ஓரத்துக்குப் போடும் அதே இரட்டைத் தையல். "இதப் பிரிக்க எனக்கே அரமணி நேரமாவும்" என்றார்.

போடியில் கலப்படப் பஞ்சு கையில் சிக்கினால் நான்கு வீட்டாரின் பணமும் வளையலும் போனதுதான். ஆகவே பாய் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மதரஸா ஆசிரியனான நான் ஓரமாக உட்கார்ந்து அந்தப் பாடத்தைக் கேட்டேன். பஞ்சை முஷ்டியில் இறுக்கி விட்டால் விரல்களைத் தள்ளிக்கொண்டு எழ வேண்டும். மூட்டையின் வாய்ப்புறத்தை நம்பாமல் நடுவில் கைவிட்டு எடுக்க வேண்டும். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் இலவம் மிதக்கும். கழிவுப் பருத்தி கலந்திருந்தால் அது நனைந்து தாழும். விதை அதிகம் கிடந்தால் எடைக்குப் பணம் கொடுத்து விதை வாங்கியதாகும்.

நான்கு காகிதப் பொட்டலங்களில் வெவ்வேறு பஞ்சை வைத்து, கண்ணை மூடச் சொல்லிப் பாய் தேர்வு வைத்தார். மூன்றைச் சரியாகச் சொன்னார். நான்காவதைப் 'புதுசு' என்றார். அது பழைய மெத்தைப் பஞ்சை எந்திரத்தில் அடித்துப் புதிது போலாக்கியது. தண்ணீரில் அதுவும் மிதக்கும்.

"அங்கதான் ஏமாத்துவான்" என்றார் பாய். அம்மையார் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பொட்டலத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

புறப்படும் நாள் மாலை தலையணைகளை வாங்கிவரப் போனேன். திண்ணையில் ஒரு மூட்டை கட்டித் தயாராக இருந்தது. அதில் மாற்றுப்புடவை, ஒரு எவர்சில்வர் தம்ளர், பயணத்துக்கென்று கைக்கு அடக்கமாகத் தைத்த ஒரு குட்டித் தலையணை. வாழ்க்கையில் தமக்கென்று அவர் தைத்துக்கொண்ட முதல் தலையணை அதுதானாம். துணைக்குச் செல்லவேண்டிய மகன் கன்டெய்னர் லாரி ஓட்டுநர். மதியமே வருவதாகச் சொன்னவன் எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்துநிற்கும் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தான். மணி ஏழானது. பாய் கைப்பேசியையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அம்மையாரோ அடுப்படி வாசலில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கையில் அந்தப் பழைய பஞ்சும் மறு கையில் புதிய பஞ்சுமாக ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க" என்று கணவரை அழைத்தார். "புதுசு இழையா எழும்புது. இது பொடியா பறக்குது. அடிச்ச பஞ்சுல இழ ஒடஞ்சிருக்கும்ல?"

பாய் குனிந்து பார்த்தார். இந்தச் சோதனை தம் பாடத்தில் இல்லாதது என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

ஏழரைக்கு மகனிடமிருந்து அழைப்பு வந்தது: வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு நேரே சென்ட்ரலுக்கு வந்துவிடுவதாக. ஆட்டோ கூப்பிட்டோம். பேரன் மூட்டையை ஏற்றினான். "மருந்து மேல் தட்டுல இருக்கு, மறந்துடாதீங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "துஆ செய்ங்க ஹஜ்ரத்" என்றார். ஆட்டோ கல்மண்டபம் திரும்பும் வரை பாய் வாசலிலேயே நின்றார்.

எனக்குரிய தலையணைகளை எண்ணிப் பார்த்தேன். பத்துதான் இருந்தன. மேலே தைத்து முடித்த இரண்டு வெற்று உறைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"பஞ்சு தீந்துபோச்சு" என்றார் பாய். "அவ வந்ததும் ரொப்பித் தர்றோம், இன்ஷா அல்லாஹ்."

எட்டாம் நாள் பேரன் அவ்விரண்டையும் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு வந்தான். பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டேன். இலவ மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலிக்கிறது என்றாராம்.