கண்ணமங்கலம் டு லே: பறப்பது 4 மணி நேரம்... போய்ச் சேர 20 மணி நேரம்!

ஜவ்வாது மலை அடிவாரத்தில், வேலூர் - திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். படவேடு ரேணுகாம்பாளைத் தரிசிக்கப் போகிறவர்களுக்குப் பழக்கமான ஊர். சற்றுத் தள்ளி, கணியம்பாடி பக்கம் இருக்கும் கம்மவான்பேட்டைக்கு `ராணுவப்பேட்டை' என்றே இன்னொரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. ``பையன் லடாக்குல இருக்கான்'' என்பதெல்லாம் இந்தப் பகுதியில் சாதாரணப் பேச்சு. லீவு கிடைத்துவிட்டது என்று போன் வந்தால், அடுத்த கேள்வி, ``எப்போ வீட்டுக்கு வந்து சேருவான்?''

செல்போனில் தட்டினால் பதில் சுலபமாகத்தான் வரும். சென்னைக்கும் லேவுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 2,360 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்று மணி நேரம். ஆனால், அப்படி யாரும் போவதில்லை. டெல்லியில் இறங்கி, விமானம் மாற வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. டெல்லி கிட்டத்தட்ட அதே நேர்க்கோட்டில்தான் இருக்கிறது. சென்னை - டெல்லி சுமார் 1,760 கிலோமீட்டர், டெல்லி - லே சுமார் 620. சுற்றிப் போவதால் 20 கிலோமீட்டர்தான் கூடுகிறது. இரண்டு விமானங்களிலும் பறக்கும் நேரத்தைக் கூட்டினாலும் நாலு, நாலேகால் மணி நேரம்தான். அப்படியானால் மீதி நேரம் எங்கே போகிறது?

லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவைவிட 600 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏற ஏற இன்னும் குறையும். விமானம் மேலெழும்பத் திணறும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் பலத்த காற்று வேறு. அதனால் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்பிவிடுகின்றன.

இதனால்தான் போவதற்கு ஒரு கணக்கு, வருவதற்கு ஒரு கணக்கு. கண்ணமங்கலத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குச் சுமார் 140 கிலோமீட்டர். காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். மதியம் கிளம்பினால் இரவு டெல்லி. அங்கேயே விடிய விடியக் காத்திருந்து, அதிகாலை விமானம் பிடித்தால் காலையில் லே. மொத்தம் 20 மணி நேரத்தை நெருங்கிவிடும். திரும்பும்போது லேவில் காலையில் ஏறினால், இணைப்பு விமானம் சரியாக அமையும்பட்சத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். வானிலை சரியில்லை என்று லே விமானம் ரத்தானால், பெரும்பாலும் மறுநாள்தான். பத்து நாள் லீவில் ஒரு நாள் போய்விடும்.

ரயிலை நம்பினால் சென்னை - டெல்லிக்கே சுமார் 33 மணி நேரம். வேலூர் அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் வரப்போகிறது என்று பல வருடங்களாகப் பேச்சு. வந்தாலும் அங்கே சிறிய ரக விமானங்கள்தான் இறங்க முடியும். டெல்லிக்கு மாறித்தான் போக வேண்டியிருக்கும்.

மகனைப் பார்க்க லேவுக்குக் கிளம்பும் பெற்றோர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். இறங்கியதும் ஊர் சுற்றக் கூடாது. உடல் அந்த உயரத்துக்குப் பழக குறைந்தது இரண்டு நாள் ஓய்வு தேவை. தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இதயம், நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. டெல்லியில் எந்த டெர்மினலில் இறங்கி, எந்த டெர்மினலில் ஏற வேண்டும் என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டெர்மினல் 1, மற்ற இரண்டு டெர்மினல்களிலிருந்தும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.