வாசிப்பவரின் பங்குப் பீடி

நண்பர்கள் சோஷலிசம் பற்றி விவாதிக்கும்போது நான் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. உற்பத்தி உறவு என்று அவர்கள் ஆரம்பித்ததும் எனக்கு அம்மாவின் சொளகு நினைவுக்கு வந்துவிடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். திண்ணையில் வெளிச்சம் போகும்வரை பீடி சுற்றுவாள். கடையில் கணக்குப்பிள்ளை கட்டுகளைப் புரட்டி, இவ்வளவு கழிவு என்பான். கழித்ததற்குக் கூலி கிடையாது. பீடியும் திரும்பி வராது. ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஓர் இடம் இருக்கவில்லை.

1980களின் நடுவில் கண்ணூரில் ஒரு தினேஷ் பீடிக் கூடத்துக்குப் போயிருந்தேன். வரிசையாக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் மலையாளப் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். காலையில் செய்தி, பிற்பகலில் நாவல். (நூறு பிரதி விற்கத் திண்டாடும் நமக்கு இதைக் கேட்டால் பொறாமை வரும்.) முதலாளிகள் காலத்திலேயே இருந்த வழக்கம் இது. யோசிக்கவும் பேசவும் ஆகும் நேரத்துக்கு யாராவது கூலி கொடுத்தாக வேண்டும் என்பது, கூட்டுறவு வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பீடித் தொழிலாளருக்கான 1966ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்தை 1968இல் கேரள அரசு அமலாக்க முற்பட்டதும், பெரிய கம்பெனிகள் கூடங்களை மூடின. ஏறக்குறைய 12,000 பேருக்கு வேலை போயிற்று. 1969இல் அரசின் உதவியோடு கூட்டுறவு தொடங்கியது. இலையும் புகையிலையும் வாங்குவது, விற்பது மத்திய சங்கம். சுற்றுவது ஆரம்பச் சங்கங்கள்.

உங்களிடம் கழிவு உண்டா என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். உண்டு, ஆனால் ஏன் கழித்தாய் என்று சண்டை போடுவோம், தீராவிட்டால் சங்கக் கூட்டத்தில் வைப்போம் என்றார். லாபத்தைப் பங்கு பிரிப்பதைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் நியாயமான கூலி, விடுப்பு, போனஸ் எல்லாம் பீடியின் விலையில் ஏறுகிறது. சட்டம் சரியாக எட்டாத இடங்களில், வீட்டுத் திண்ணைகளில் சுற்றிய பீடி அதைவிட மலிவு. அதாவது அந்தக் கூடத்துக்கு எதிராக நின்றது அம்மாவின் சொளகு. நாலு சுவருக்குள் மட்டும் ஜனநாயகம் வைத்துக்கொள்ள முடியுமா என்ற சந்தேகம் அன்று தொடங்கியது, இன்னும் தீரவில்லை.

சரக்கும் புகைதான், ஓட்டுப் போட்டு அதை நல்லதாக்க முடியாது. 1999இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதித்தது. சங்கம் குடை, மசாலாப் பொடி, கம்ப்யூட்டர் என்று திரும்பியது. முதலாளியாக இருந்தால் பூட்டிவிட்டுப் போயிருப்பான். என்றாலும் பீடி வேலை கொடுத்த அத்தனை கைகளுக்கும் குடை வேலை கொடுக்கவில்லை.

ஊர் திரும்பி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள். "கழிச்ச பீடிய அங்க என்ன செய்வாவ?" என்றாள். அதை நான் விசாரிக்கவில்லை.