சூரனின் பெறுமதி

பொருளொன்றின் பெறுமதி யாது என்னும் வினா விரிவுரை மண்டபத்தில் எழுப்பப்படும்போது, அதற்கு விடை கூறுதல் அத்துணைக் கடினமன்று. பயன்பெறுமதி என்றும் பரிமாற்றப் பெறுமதி என்றும் வகுத்துக்கொண்டு, மார்க்சையும் அவருக்கு முன்னிருந்த ரிக்காடோவையும் துணைக்கழைத்து இரண்டு பக்கங்களை நிரப்பிவிடலாம். அதே வினா நமது வீட்டு அலுமாரியின் மேற்றட்டிலிருந்து எழும்போதுதான் பேனா தயங்குகின்றது. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எனக்கு நேர்ந்தது அதுவே. ரூபாவின் பெறுமதி சரிந்து, எரிபொருள் வரிசைகள் தெருவெங்கும் நீண்டிருந்த அந்நாள்களில், யப்பானிய விளையாட்டுப் பொம்மையொன்றை மதிப்பீடு செய்யும் பொறுப்பு என்மீது விழுந்தது. அதனை எவ்வாறு செய்தேன் என்பதையும் எங்கே வழுவினேன் என்பதையும் இக்கட்டுரையிற் கூற விழைகின்றேன்.

பொம்மை அரைச்சாணுக்குச் சற்று மேற்பட்ட உயரமுடையது. கையிலெடுத்தவுடன் எவரையும் வியக்கவைப்பது அதன் பாரமாகும். கறுத்த உடல், மார்பின் இருபுறமும் சிவந்த தகடுகள், தலையின் இருமருங்கும் கொம்பெனத் தோன்றும் நீட்சிகள். கப்பலிற் பணிபுரிந்த அம்மாவின் தாய்மாமன் 1975ஆம் ஆண்டில் யொக்கஹாமாத் துறைமுகத்தில் அதனை வாங்கிவந்தார். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினருக்கும் அவர் ‘கப்பல் மாமா’தான். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது.

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல். ரூபவாகினி வந்தது 1982இல். எனவே, தொலைக்காட்சிக் கதையொன்றின் நாயகன், தொலைக்காட்சியே இல்லாத ஒரு நாட்டில், கதையைப் பறிகொடுத்தவனாக வந்திறங்கினான். அவன் பெயர் எவருக்கும் தெரியாது. கொம்பையும் கறுப்பையும் கண்ட அம்மம்மா, “இது சூரனெல்லோ!” என்றாராம். கந்தசட்டியின் ஆறாம் நாளில் கோயில் வீதியிலே தோளிற் சுமந்து ஆட்டப்படும் மரச்சூரனைப் பார்த்து வளர்ந்தவர், வேறெதைக் கூறுவார்? அன்றுதொட்டு அது சூரனாயிற்று.

சூரனின் கையில் ஒரு விசைவில் உண்டு. அதனை விடுவித்தால் கை பாய்ந்து செல்லும். அவ்வாறு பாய்ந்த வலக்கை ஒருநாள் எங்கள் கிணற்றினுள் வீழ்ந்தது. கோடையிற் கிணறு இறைத்துச் சேறள்ளும் ஒவ்வொரு முறையும் அம்மா வாளிகளைக் கிளறிப் பார்த்தாராம், கிடைக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, ஒற்றைக்கைச் சூரன் உடுப்புப் பையினுள் ஒரு துவாயிற் சுற்றப்பட்டுச் சென்றது. பெட்டி வீட்டிலேயே விடப்பட்டது. அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டிற் பலவும் இருக்கவில்லை, பெட்டியும் இருக்கவில்லை.

இனி, அது உண்மையில் யாது என்பதை நோக்குவோம். சூரனின் சொந்தப் பெயர் மசிங்கர் இசட். அதனைப் படைத்தவர் கோ நாகை என்னும் சித்திரக்கதை ஆசிரியர். 1972ஆம் ஆண்டின் இறுதியில் சித்திரக்கதையாகத் தொடங்கிய இக்கதை, அவ்வாண்டு டிசெம்பரில் தோயேய் நிறுவனத்தின் உயிரூட்டுச் சித்திரத் தொடராகத் தொலைக்காட்சிக்கு வந்து, 1974 செப்ரெம்பர் வரை 92 வாரங்கள் ஓடியது. போக்குவரத்து நெரிசலில் அகப்பட்டு நின்றபோது, தமது வாகனத்துக்குக் கைகால்கள் முளைத்து முன்னுள்ளவற்றைத் தாண்டிச் சென்றால் எப்படியிருக்கும் என்று எண்ணியதே இக்கற்பனையின் வித்து என நாகை கூறியுள்ளார்.

இவ்வெண்ணம் விளையாட்டாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. அதற்கு முன் யப்பானியச் சிறுவர்கள் அறிந்திருந்த இராட்சத இயந்திரமனிதன், மிற்சுதெரு யொக்கோயாமாவின் ‘தெட்சுஜின் 28’ ஆகும். அதனை ஒரு சிறுவன் வெளியே நின்று கருவியொன்றினால் இயக்குவான். கருவி பகைவர் கையிற் சிக்கின் இயந்திரம் பகைவர்க்கே ஏவல் செய்யும். அதற்கென நன்மையுமில்லை, தீமையுமில்லை. மசிங்கரிலோ கபுட்டோ கோஜி என்னும் இளைஞன் சிறு பறக்குங்கலமொன்றில் வந்து, இயந்திரத்தின் தலையிற் பொருந்தி, அதற்குள்ளிருந்து செலுத்துகின்றான். இயந்திரத்துக்கு மூளையாக மனிதனே அமைகின்றான். அதனை ஆக்கிய பாட்டனார் இறக்குந்தறுவாயிற் பேரனுக்கு விட்டுச்செல்லும் எச்சரிக்கையும் இதுபற்றியதே: இவ்வாற்றலைக் கொண்டு நீ தெய்வமும் ஆகலாம், பேயும் ஆகலாம்.

கதையில் மசிங்கரின் உடல், புஜி மலையிற் கிடைக்கும் கனிமத்திலிருந்து ஆக்கப்பட்ட ‘சோகோக்கின்’ எனும் உலோகத்தாலானது. அச்சொல்லுக்கு ‘மேலான கலப்புலோகம்’ என்பது பொருள். பண்டாய் குழுமத்தைச் சேர்ந்த பொப்பி நிறுவனம் 1973இல் இவ்வீரனை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிளாத்திக்குப் பொம்மையாக வெளியிட்டது. மறு ஆண்டில், நாகத்தை முதன்மையாகக் கொண்ட கலப்புலோகத்தை உருக்கி அச்சில் வார்த்து, 12 சென்ரிமீற்றர் அளவிலான சிறு உருவை ஆக்கியது. கதையிலுள்ள உலோகத்தின் பெயரையே அதற்குச் சூட்டியமை வணிக நுட்பத்தின் உச்சம் எனலாம். சிறுவன் தன் கையில் உணர்ந்த பாரம், கதையின் உலோகமே தன்னிடம் வந்துவிட்டது என்று அவனை நம்பவைத்தது. கதையில் 18 மீற்றர் உயர்ந்தவன் நூற்றைம்பதில் ஒரு பங்காகக் குறுகினும், அவனது கனம் குறையவில்லை. 1983இல் பொப்பி பண்டாயுடன் இணைந்தது. 1997இல் பண்டாய், ‘சோகோக்கின் ஆன்மா’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு புதிய வரிசையைத் தொடங்கி, அதன் முதல் உருவாக மசிங்கரையே மீண்டும் வார்த்தது. இம்முறை வாங்கியோர் சிறுவரல்லர், ஒருகாலத்திற் சிறுவராயிருந்தோர்.

தம்பி சேரவிருந்த கற்கைநெறிக்கு முதற்கட்டணமாக 40,000 ரூபா வேண்டியிருந்தது. பழைய சோகோக்கின் உருவங்களைச் சேகரிப்போர் உளர் என்றும், அவற்றுக்கு நல்ல விலை உண்டென்றும் அவனே தேடியறிந்து கூறினான். நான் தயங்கினேன். அம்மாவிடம் தயக்கமே இருக்கவில்லை.

“வித்துப்போடு மோனை. சூரன் இருந்து என்ன செய்யப் போறான்? இவன் படிக்கட்டும்.”

ஆகவே திறனாய்வாளனின் நிதானத்தோடு மதிப்பீட்டைத் தொடங்கினேன். சேகரிப்போர் முதலிற் கேட்பது பெட்டியை. பெட்டியின்றேல் விலை பெரிதும் வீழும். பொம்மையைவிட அதனை மூடியிருந்த அட்டை அரிதாகிவிட்டமையே காரணம். அடுத்தது உறுப்புகளின் முழுமை. பாயும் கைகள் எல்லா வீடுகளிலும் தொலைந்தமையால், இரு கைகளும் உள்ள உருவுக்கு மதிப்பு மிகுதி. மூன்றாவது வண்ணப்பூச்சு. விளிம்புகளில் உலோகம் வெளித்தெரிகின்றதா என நோக்குவர். நான்காவது, உலோகத்தின் உள்ளுறுதி. நாகக் கலவையில் ஈயம் முதலிய மாசுகள் கலந்திருப்பின், ஆண்டுகள் செல்ல உள்ளிருந்தே வெடிப்புகள் தோன்றி உருவம் நொறுங்கிவிடும். ஈரலிப்பும் வெப்பமும் அதனை விரைவுபடுத்தும். தொடங்கினால் மாற்ற வழியில்லை. உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு ஒவ்வோர் அங்குலமாகத் தேடினேன். அரைநூற்றாண்டுக்கு அண்மித்த யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் மாரிக்கும் பின்னரும் ஒரு வெடிப்பையேனும் காணவில்லை. இடக்கையின் விசைவில் இன்னும் இயங்கியது. குறைகளும் இருந்தன. இன்றைய உருவங்களோடு ஒப்பிடுமிடத்து அசைவு மிகக் குறைவு. முகத்தின் வார்ப்பு நுணுக்கமற்றது. மார்புத் தகட்டின் சிவப்பு மங்கிவிட்டது. எனினும் தோள் அகன்று கால் ஊன்றி நிற்கும் அந்நிலையில் ஓர் உறுதி உண்டு. சிறு உருவிற் பேருருவின் தோற்றத்தைக் கொணரும் கலை அதனை வார்த்தவர்க்குக் கைவந்திருந்தது.

இத்துணை நேர்மையாக மதிப்பிட்ட நான், அடுத்துச் செய்தது நேர்மையானதன்று. கொழும்பிலிருந்த சேகரிப்பாளர் ஒருவருக்குப் படங்கள் அனுப்பியபோது, சூரனை எப்பொழுதும் இடப்புறம் திருப்பி வைத்தே எடுத்தேன். ஒளி நன்றாக விழுகின்றது என்று எனக்கே காரணம் கூறிக்கொண்டேன். வலக்கையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் பண்பாகப் பதில் எழுதினார்: படங்கள் நன்று, வலப்புறத்தையும் ஒருமுறை காட்டமுடியுமா? அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நாணத்தை இன்றும் மறக்கமுடியவில்லை. வலப்புறத்தைப் படமெடுத்து அனுப்பினேன். கிணற்றின் கதையையும் எழுதினேன்.

அவரது மறுமொழி என்னுடையதைவிட நேர்மையாக இருந்தது. தம்மிடம் வேறொரு மசிங்கர் உண்டு, பெட்டியும் உண்டு, இடக்கை மட்டும் இல்லை. எங்கள் சூரனின் இடக்கையைக் கழற்றி அதற்குப் பொருத்தினால் அது முழுமை பெறும். எஞ்சிய உடலை உதிரிகளுக்காக வைத்துக்கொள்வார். 30,000 ரூபா தருவார். அவரது கணக்கிற் பிழையில்லை. குறையுடைய இரண்டிலிருந்து குறையற்ற ஒன்றை ஆக்குவது அறிவுக்கு ஒத்ததே. பல மணிநேரம் முயன்றும் அதற்கெதிராக ஒரு தருக்கத்தையும் என்னால் அமைக்கமுடியவில்லை.

அன்றிரவு மசிங்கரின் இறுதிக் கதையைத் தேடிப் பார்த்தேன். வாரந்தோறும் வென்றவன் இறுதி வாரத்தில் வெல்லவில்லை. புதிய பகைவர்கள் அவனைச் சிதைக்கின்றனர். அழியுந்தறுவாயில் கிரேற் மசிங்கர் என்னும் வேறொருவன் வந்து காக்கின்றான். மறுவாரம் அவனது தொடர் தொடங்குகின்றது. உடைந்தவனுக்குப் பதில் புதியவன் வருவதே அங்கும் வழக்கம். சூரன்போரிலும் தலைகள் மாறுகின்றன: யானைமுகம், சிங்கமுகம், பின்னர் சூரனின் சொந்தமுகம். ஆனால் கந்தபுராணத்துச் சூரன் எறியப்படுவதில்லை. மாமரமாகி நின்றவன் இருகூறாகப் பிளக்கப்பட்டும், ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் ஏற்கப்படுகின்றான். அம்மம்மா அந்தப் பொம்மைக்குப் பெயரிட்டபோது இவற்றையெல்லாம் எண்ணியிருக்கமாட்டார். எனினும், அவர் இட்ட பெயரோடு எங்களிடம் வாழ்ந்த ஒன்றை உதிரியாக அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. இது தருக்கமன்று என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

மறுப்பை எழுதி அனுப்பியபின் அம்மாவிடம் கூறினேன். அவருக்குக் கோபம் வந்தது.

“அப்ப காசுக்கு என்ன வழி? சூரனே தருவான்?”

வழி ஒன்றே இருந்தது. அயலிலிருந்த சாதாரணதர மாணவர் நால்வருக்குத் தமிழும் வரலாறும் கற்பித்தேன். மாலைகளும் விடுமுறையும் அதிற் கழிந்தன; எனது ஆய்வுக்கட்டுரை பின்தள்ளப்பட்டது; தம்பியின் கட்டணம் மூன்று மாதங்கள் பிந்தி, தண்டப்பணத்தோடு செலுத்தப்பட்டது. “நீங்கள் எனக்கில்லை, சூரனுக்குத்தான் உழைக்கிறியள்” என்று தம்பி நகைப்பான். ஒருவகையில் அது சரியே. பொருளின் பெறுமதி அதில் அடங்கிய உழைப்பு என்றனர் அறிஞர். எங்கள் சூரனில் யப்பானியத் தொழிலாளரது உழைப்போடு எனது மூன்று மாத மாலைகளும் இப்போது சேர்ந்துள்ளன. அச்சுமையைத் தம்பியும் சேர்ந்து தாங்கினான் என்பதையும், அவனைக் கேளாமலே நான் முடிவெடுத்தேன் என்பதையும் இங்கு மறைக்க விரும்பவில்லை. ஒருமுறை வலப்புறத்தை மறைத்தது போதும்.

கடந்த கோடையில் மீண்டும் கிணறு இறைத்தோம். தம்பி உள்ளே இறங்கிச் சேற்றை அள்ளி அனுப்பினான். வாளிப்பிடி ஒன்றும், இரண்டு செப்பு நாணயங்களும், எவருடையதோ ஒரு சீப்பும் வந்தன. சூரனை விற்றுவிடும்படி கூறிய அம்மா, வெயில் ஏறிய பின்னரும் கிணற்றுக்கட்டை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு வாளியையும் தாமே வாங்கி, நிலத்திற் கவிழ்த்து, சேற்றைக் கையால் அளைந்து பார்த்தார். இறுதி வாளியும் முடிந்தபின் கையைக் கழுவிக்கொண்டு, ஒன்றுஞ் சொல்லாமல் அடுப்படிக்குச் சென்றார்.