கறுத்த வெள்ளிக்கு என்ன விலை?

பழைய வெள்ளிக் காசு கையில கிடைச்சா எங்கட வீடுகளில முதலில் தேடப்படுவது பழப்புளிதான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மினுக்குவது போல மினுக்கி எடுப்பார்கள். காசும் பளிச்சென்று வரும். அந்தப் பளிச்சுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் நாலு பேரில் ஒருத்தியின் அம்மம்மாவிடம் கொஞ்சம் காசுகள் இருந்தன. இலங்கை 50 சதம், 25 சதம், 10 சதம். அநேகமானவை ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்டவை. கூரை திருத்த வேணும், அதனால் விற்க வேணும். "கறுத்த காசை ஆர் பிள்ளையள் வாங்குவான்? மினுக்கிக் குடுத்தாத்தான் வெள்ளியெண்டு நம்புவான்" என்றார். "பொறுங்கோ அம்மம்மா, ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறம்" என்று காசுகளை மேசையில் பரப்பினோம்.

ஒரே காலத்துக் காசுகள்தான். ஆனால் மூன்று விதமாக முதிர்ந்திருந்தன. பனையோலைக் கொட்டைப்பெட்டிக்குள் பருத்தித் துணி சுற்றிக் கிடந்தவை மெல்லிய சாம்பல் நிறம். விளிம்பில் மட்டும் தேன் நிறமும் நீலமும். இறப்பர் பாண்ட் போட்டுக் கட்டிய கட்டில் இருந்தவற்றுக்கு நடுவால ஒரு கறுத்த கோடு. பிளாஸ்டிக் பேர்ஸுக்குள் இருந்தவற்றில் பச்சையாக ஏதோ ஒட்டும் பசை.

காரணம் எளிது. வெள்ளி தண்ணீருக்கோ ஒட்சிசனுக்கோ பெரிதாக அசைவதில்லை. அதன் எதிரி கந்தகம். காற்றில் உள்ள ஐதரசன் சல்பைட்டு படப்பட, மேலே வெள்ளிச் சல்பைட்டுப் படலம் படியும். படலம் மெல்லிதாக இருக்கும்போது, மழைத்தண்ணியில் மிதக்கும் பெற்றோல் போல ஒளி அதில் விளையாடும்: முதலில் மஞ்சள், பிறகு செம்மை, பிறகு நீலம். தடித்தால் கறுப்பு. இறப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். அதுதான் அந்தக் கோடு. பச்சைப் பசை வேறு கதை. மென்மையான பிவிசி நாள்பட உடைந்து அமிலத்தைக் கக்கும். அது காசில் கலந்துள்ள செம்பைத் தின்னும். நிறம் மாறியது வேறு, அரிக்கப்பட்டது வேறு.

இனி விலை. காசு இரண்டு இடத்தில் விலைபோகும். நகைக்கடையில் நிறைக்கு. 5.83 கிராம் நிறையுள்ள 1917ஆம் ஆண்டு 50 சதத்தில் 80 வீதம் வெள்ளி, அதாவது ஏறக்குறைய 4.66 கிராம். 1919இலிருந்து அது 55 வீதமாகக் குறைந்தது; அதே அளவுக் காசில் 3.2 கிராம்தான். கடைக்காரர் உரைகல்லில் உரசிப் பார்ப்பார். கறுப்போ வெளுப்போ அவருக்குக் கவலையில்லை. மற்றது சேகரிப்பாளரிடம். அவர் பார்ப்பது மேற்பரப்பை. அச்சு விழும்போது உலோகம் ஓடிய நுண்ணிய கோடுகள்தான் புதுக்காசின் மினுக்கம். தேய்த்தால் அவை போய்விடும், பிறகு வராது. நன்கு புழங்கிய காசிலும் தேய்த்த கீறல்களை அவர் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார். ஆக, மினுக்குவதால் முதல் கடையில் லாபமில்லை; இரண்டாவது கடையில் நட்டம்.

அதற்காக நிறமெல்லாம் காசாகாது. அமெரிக்காவில் கருவூலப் பெட்டகங்களில் துணிப்பைகளுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்த மோர்கன் டொலர்கள் சில வானவில் நிறத்தோடு வெளியே வந்தன. அவற்றுக்குப் பல மடங்கு விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆசை வந்தால் ஏமாற்றும் வரும்: கந்தகமும் சூடும் வைத்து ஒரே நாளில் நிறமேற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். எங்கட 10 சதத்தில் நீலம் விழுந்தது என்பதற்காக அது அரிய காசாகிவிடாது. அந்த நிறம் சொல்வது ஒன்றுதான்: இதை யாரும் தேய்க்கவில்லை.

இதையெல்லாம் கேட்ட அம்மம்மா, "அப்ப இவ்வளவு காலமும் நான் சும்மா வைச்சிருந்ததுதான் நல்லதாப் போச்சு" என்று சிரித்தார். 95 இடப்பெயர்வில் அந்தக் கொட்டைப்பெட்டியை இடுப்பில் முடிந்துகொண்டு நடந்தவர் அவர். மினுக்க அப்போது நேரம் இருக்கவில்லை. தேய்ந்து எழுத்தழிந்த 55 வீதக் காசுகளை நிறைக்குக் கொடுப்பது, கொட்டைப்பெட்டிக் காசுகளை ஒரு சேகரிப்பாளருக்குக் காட்டாமல் விற்பதில்லை என்று முடிவானது. பச்சைப் பசை பிடித்தவற்றைச் சுத்தமான அசிற்றோனில், ஜன்னலைத் திறந்துவிட்டு, நெருப்புக்குத் தூரமாக வைத்து ஊறப்போட்டு எடுத்தோம். பசை போனது, அரித்த குழிகள் அப்படியேதான்.

உங்கட வீட்டு லாச்சிக்குள்ளும் இப்படி ஏதும் கிடக்கலாம். விளிம்பில் பிடித்துத் தூக்குங்கோ. விரலின் வியர்வையும் உப்பும் தடம் வைக்கும். இறப்பரையும் மெல்லிய பிளாஸ்டிக் பேர்ஸையும் அகற்றுங்கோ. பொலியெஸ்டர் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கோ. வெளியே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கோ: யாருடையது, இவ்வளவு காலமும் எங்கே இருந்தது. அதைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கோ.